ஆறாம் எண் நிறம்

தைவானில் தாவ்யுவான். எண்பத்தைந்தாம் வருடம். நான்காவது இருக்கை.
பெல்ட்டில் ஒரு திரை வந்து என் முன் நிற்கும்.
ஒன்பது முள் பிளக்கைச் செருகுவேன்,
பதினாறு பட்டைகள் எழும்பும்.
நாற்பது விநாடி. அதற்குள் முத்திரை,
இல்லையென்றால் சிவப்புச் சீட்டு.
ஒவ்வொரு திரைக்குள்ளும் ஊசிமுனையாய் ஒரு கீச்சு.
மேலாளர் ஷியேவுக்கு அது கேட்பதில்லை,
வயது ஐம்பத்தொன்று.

நிறத்துக்கென்று வரும் கம்பிகள் நான்கே:
சிவப்பு, பச்சை, நீலம்,
நான்காவது, வெளிச்சத்தைக் கூட்டித் தருவது.
ஒவ்வொன்றும் உண்டு என்னும், இல்லை என்னும்.
கொஞ்சம் என்ற சொல் அவற்றுக்குத் தெரியாது.
இரண்டை இரட்டித்து, இரட்டித்து, இன்னும் ஒருமுறை இரட்டித்தால்
பதினாறு. அவ்வளவுதான் உலகம்.

பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.
ஏழாவதாக நிற்பவனுக்குப் பெயர் ஆறு.
சிவப்பும் பச்சையும் எரிந்து மற்றவை அணைந்தால்
கணக்குப்படி மங்கிய மஞ்சள்.
அமெரிக்காவில் முதலில் செய்தவர்கள்
அந்த மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்திருக்க வேண்டும்.
அந்த ஓர் இடத்தில் மட்டும்
பச்சையைப் பாதியாய்க் குறைக்க
திரைக்குள் தனியே ஒரு சுற்று வைத்தார்கள்.
பழுப்பு வந்தது.

எங்கள் திரையில் வரவில்லை.
பச்சையாகச் சொன்னால், பச்சை அதிகம்.
குளத்துப் பாசி.
வெந்து கெட்டுப்போன கடுகுக் கீரை.
சிவப்புச் சீட்டு, சிவப்புச் சீட்டு,
மதியத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு.

ஷியே கீழே இறங்கி வந்தார்.
கோளாறு திரையில் இல்லை, கண்ணில் என்றார்.
கம்பெனிச் செலவிலேயே மருத்துவரிடம் அனுப்பினார்.
புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை
ஒன்றுவிடாமல் வாசித்தேன். எழுபத்து நான்கு. இருபத்தொன்பது.
மருத்துவருக்குக் கொட்டாவி வந்தது.

திரும்பியபோது
வென் ஃபூ-ஷெங் என் நாற்காலியில் இருந்தான்,
வரைபடம் மடியில் விரிந்து கிடந்தது.
ஒரு டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர்.
"காசு மிச்சம் பிடிக்க எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தேன்.
யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள்."
தலை நிமிரவில்லை.

பழையபடி வைத்துப் பற்றவைத்தான்.
எதை மாதிரியாகக் கொள்வது என்று கேட்டான்.
தரத்தாளில் வோல்ட் இருந்தது, நிறம் இல்லை.
என் தேநீர்க் குவளையைத் திரையோரம் வைத்தேன்:
லொங்தான் தேயிலை, மூன்றாவது கொதிநீர்.
அவன் திருகினான், நான் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிவிட்டாய். திரும்பு.
தேநீர் ஆறிய நேரத்தில்
ஆறு சரியாயிற்று.

அன்றிரவு எங்கள் வரிசைக்கு மேலே
குழல்விளக்குகள் அணைந்துபோயின. பெல்ட் நிற்கவில்லை.
இருட்டில் வந்த திரையில், ஏனென்று தெரியவில்லை,
பெட்டி அட்டையால் மற்ற பதினைந்தையும் மறைத்தேன்.
பழுப்பைக் காணோம்.
அங்கே ஓர் ஆரஞ்சு,
தோலுரிக்க நகம் துடிக்கிற மாதிரி ஆரஞ்சு.

வென்னைக் கூப்பிட்டேன்.
மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்ட் மாறவில்லை என்றான்.
அட்டையை எடுத்தேன், வெள்ளைக்குப் பக்கத்தில் பழுப்பு.
வைத்தேன், ஆரஞ்சு.
எடுத்தேன்.
அவனே வாங்கி ஒருமுறை வைத்தான்.
நாற்பது விநாடி எப்போதோ முடிந்திருந்தது,
பின்னால் மூன்று திரைகள் முட்டிக்கொண்டு நின்றன.

முத்திரை குத்தினேன்.
எந்த வெளிச்சத்தில், எது பக்கத்தில் இருக்க
என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.