முறுக்குவிசை

இரவு பத்தே கால். உயுனியில் உப்புக் காற்று.
முன்சக்கரம் கழன்ற ஜீப்
மரக்கட்டைமேல் முழந்தாளிட்டு நிற்கிறது.
விடியற்காலை நாலு மணிக்கு அது கிளம்பியாக வேண்டும்.
உப்புவெளியில் சூரியன் எழுவதற்கு
முன்பணம் கட்டிய நாலு பெல்ஜியக்காரர்கள்
விடுதியில் மூன்று கம்பளிக்கு அடியில் தூங்குகிறார்கள்.
எர்லிண்டா சோக்கே என்றொருத்தி இருப்பதோ
ஆறு நட்டும் அவள் கையில் இருப்பதோ
அவர்களுக்குத் தெரியாது.

எவ்வளவு இறுக்குவது?
குறைந்தால் சக்கரம் தன்பாட்டுக்கு உலாப் போகும்.
கூடினால் போல்ட்டின் கழுத்து முறியும்.

புத்தகம் ஆயிரத்து நூறு பக்கம்.
நசுங்கிய வண்டியொன்றை உதிரிக்கு வாங்கியபோது
இருக்கைக்கு அடியில் கிடந்தது, விலையில் சேராமல்.
மற்ற நாளில் காற்றுக்கு எதிராகக் கதவுக்கு முட்டு.

டேப்லெட்டுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி.
கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது,
கழற்றாவிட்டால் திரை என்னை ஓர் ஆளாக மதிப்பதில்லை.
மூக்கு நுனியால்தான் பக்கம் திருப்பினேன்.
சிரிக்காதே ஃபவுஸ்டோ, நீயும் செய்திருப்பாய்.

நட்டு என்று தேடினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு இடம் காட்டியது.
கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கும் சாட்சி.
புத்தகமோ கேட்காததையும் உளறும்.
பிரேக்கைத் தேடிப் போன வழியில்தான்
எண்ணெய் சீல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று
போன ஜூலையில் தெரிந்துகொண்டேன்,
பதினொரு வருடம் தலைகீழாக மாட்டிய பிறகு.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.
கிளட்ச் இடைவெளியைப் புத்தகம் தப்பாகச் சொன்னது.
நம்பினேன். இரண்டு வண்டி
ஊர் முழுக்க என் பெயரை இழுத்துக்கொண்டு ஓடின.
திரையில் அதே பக்கத்தின் ஓரத்தில்
ஸ்கேன் செய்த யாரோ மஞ்சள் கட்டம் போட்டு
எழுதியிருந்தார்: இது தப்பு, நான் பட்டுவிட்டேன்.

பக்கம் நானூற்றுப் பதினேழு.
புத்தகத்தில் அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கிரீஸ் ரேகை.
என்னுடையதோ, முன்பு வைத்திருந்தவனுடையதோ.
தொட்டுத் தொட்டுப் படித்தே அழித்திருக்கிறோம்.

திரையில் அதே பக்கம், அதே வரி.
தாளைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல்
சரியாக அந்த எண்ணின்மேல்.
பெரிதாக்கினேன். விரல்தான் பெரிதானது.
நகத்தடியில் கறுப்பு. ஒரு தழும்பு.
எந்த நாட்டுக்காரரோ, வேலைக்கு நடுவில்
அவசர அவசரமாகப் படமெடுத்திருக்கிறார்.
கோபம் வரவில்லை. விரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்
என்று மட்டும் சொல்லத் தோன்றியது.

நினைவில் இருக்காதா என்கிறாயா?
இருக்கிறது. தொண்ணூறு. இல்லை, நூற்றெட்டு.
இரண்டும் ஒரே அளவு நிச்சயம்.

இக்கிக்கேக்குச் செய்தி அனுப்பினேன்.
நூற்றெட்டு, சந்தேகமே வேண்டாம் என்றாய்.
ஒரு நிமிடம் கழித்து: இரு.
பிறகு பதினேழு நிமிடம் ஒன்றுமில்லை.
கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி,
பட்டறைப் பூட்டைத் திறந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

படம் வந்தது. அதிலும் ஒரு கட்டைவிரல்.
ஆனால் எண்ணுக்குக் கீழே, ஒதுங்கி,
நகம் மட்டும் மேல்நோக்கி.
தொண்ணூற்றெட்டு.

முறுக்குச் சாவி ஆறு முறை சொடுக்கியது.
மட்கார்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால்
98 என்று எழுதினேன், உள்ளங்கை அகலத்துக்கு.
உப்பு அதைத் தின்ன இரண்டு வருடம் ஆகும்.

நாலு மணி. திரையில் நாலு சதவீதம்.
புத்தகம் பழையபடி கதவடியில்.
ஏறுவதற்கு முன் பெல்ஜியக்காரர் ஒருவர்
டயரைக் காலால் இரண்டு தட்டு தட்டினார்,
எல்லாம் தெரிந்தவர்போல்.
சரி என்று தலையாட்டினார்.