ஆள் இல்லை

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயிலின் ஐம்பத்தெட்டுப் பெட்டியும்
போய் முடியும்வரை
வண்டியை அணைத்து நின்றேன்.
எதிர்ச் சுவரில்
'இங்கே எதுவும் ஒட்டாதீர்'
என்று ஒட்டியிருந்தது.
அதன்மேல் யாரும் ஒட்டவில்லை,
பக்கத்திலும் ஒட்டவில்லை.
தன்னைத் தானே மீறிய காகிதத்துக்கு
தெரு கீழ்ப்படிந்திருந்தது.

பன்னிரண்டாவது வீடு டில்லிராணி.
வாரம் அறுநூற்று நாற்பது,
மூன்று வாரம் பாக்கி.
தட்டினேன்.
உள்ளே குக்கர் ஒரு விசில் விட்டது.
டிவியின் வாயை யாரோ பொத்தினார்கள்.
அப்புறம் குரல்:
"ஊட்ல யாரும் இல்ல."

கம்பெனி கொடுத்த போனில்
இரண்டு கட்டங்கள்.
'ஆள் இல்லை.'
'ஆளிடம் பேசினேன்.'
ஒன்றைத் தொட்டால்
மற்றது சாம்பலாகிவிடும்.
அதைச் செய்தவன் எவனோ,
ஒருநாளும் ஒரு கதவையும் தட்டாதவன்.

"யாரும் இல்லன்னா
இப்போ பேசறது யாரும்மா?"

கதவுக்குப் பின்னால் கொஞ்சம் யோசனை.

"யாரும் இல்லன்னு
யாருனா ஒருத்தர் சொல்லணும்ல?
சொல்லலன்னா நீ
தட்டிக்கினே இருப்ப."

மாலைக் கல்லூரியில் ஒரு வருஷம்
தர்க்கம் படித்தவன் நான்.
தன் காலைத் தானே வெட்டிக்கொண்ட வாக்கியம்
நிற்காது என்றார்கள்.
கரும்பலகையில் நிற்கவில்லைதான்.
எழில் நகரில் அது
தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறது.

பொய் என்று சொல்லலாமா?
பொய்யென்றால் நான் நம்பவேண்டும்
என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.
நினைக்கவில்லை.
நானும் நம்பவில்லை.
ஆனாலும் சேதி
முழுசாக வந்து சேர்ந்துவிட்டது.

யாரும் என்றால் எந்த யாரும்?
காசு வைத்திருக்கிற யாரும்.
உனக்கு முகம் காட்டுகிற யாரும்.
தலை எண்ணுகிறவன்
தன்னை விட்டுவிட்டு எண்ணுவதுபோல
அவள் சொன்ன யாரில்
அவள் சேரவில்லை.
முந்தாநாள் ராத்திரி கோமளா
"உன்கூட நான் பேசறதில்ல" என்று
மூன்று தடவை சொன்னாள்.
மூன்று தடவையும் உண்மை.
"தெரியும்" என்றேன்.
அதற்கு நாலாவது தடவை.

வெயில் மண்டையில் இறங்கியது.
எங்கோ கன்டெய்னர் லாரி
பின்னாலேயே போய்க்கொண்டு கத்தியது.

"சாயங்காலமும் இருக்கமாட்டேன்" என்றது கதவு.
"நாளைக்கும் இல்ல.
வெள்ளிக்கெழம கூலி வந்துரும்,
அன்னிக்கு இல்லாம இருக்கறது கஷ்டம்.
அன்னிக்கு வா."

யாருமில்லாத வீட்டிலிருந்து
இவ்வளவு நிச்சயமான ஒரு வாக்கை
இந்த வேலையில் நான் வாங்கியதில்லை.
இருக்கிறவர்கள் எல்லாம்
பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்கள்.

கிளம்பும்போது
ஜன்னல் கம்பிக்கு நடுவே
ஈர மஞ்சள் வளையல் போட்ட ஒரு கை,
ஒரு சொம்புத் தண்ணீர்.
முகம் இல்லை.
தூக்கிக் குடித்தேன்.
மெட்ரோ லாரித் தண்ணி,
பிளீச்சிங் வாசம்.
சொம்பைப் படியில் வைத்தேன்.

'ஆள் இல்லை'யைத் தொட்டேன்.
பூட்டின் படம் கேட்டது.
பூட்டு இல்லை;
உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது,
அதைப் படமெடுக்க முடியாது.
மூடிய கதவை எடுத்தேன்.
சொம்பும் விழுந்துவிட்டது படத்தில்,
வாயோரம் இன்னும் சொட்டிக்கொண்டு.

மேலாளர் கூப்பிட்டார்.
"எத்திராஜு, அந்தச் சொம்பு
யார் குடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒன்றும் சொல்லவில்லை.
"சரி சார்" என்று வைத்துவிட்டேன்.