ஆறாவது டம்ளர்

வெர்னாவின் அலமாரியில் ஐந்து இருந்தன.
இலைப்பச்சை இல்லை, பாசிப்பச்சையும் இல்லை.
வெள்ளரிப் பிஞ்சை வகிர்ந்தால்
தோலுக்குச் சற்று உள்ளே தெரியுமே,
அந்தப் பச்சை.

ஒரு காலத்தில் ஓட்ஸ் பெட்டிக்குள் புதைத்து
இனாமாய்க் கொடுத்தவை.
ஆலையெல்லாம் பூட்டிக் கிடந்த குளிர்காலத்தில்
கஞ்சிக்கென்று கைவிட்ட யாரோ
வழவழவென்று சில்லிட்ட ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள்.
இதைச் சொல்லும்போதெல்லாம் வெர்னா
மாவு ஒட்டியதுபோல் விரல்களைத் தட்டிக்கொள்வாள்.

நான் ஒஹாயோ ஆற்றுத் தோணிகளுக்கு
இருபத்தெட்டு வருடம் பற்றவைத்தவன்.
இப்போது பின்னுகிறேன்:
கொக்கி ஊசி, வெள்ளைப் பருத்தி நூல்,
டம்ளருக்கு ஒன்றாய் வட்ட விரிப்பு.
தீத்தழும்பில் நூல் சிக்கும். திட்டுவேன்.
அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள்.
முதல் விரிப்பு உருளைக்கிழங்கு மாதிரி வந்தது.
அதன்மேல்தான் இன்றும் உப்பு ஜாடி.

சனிக்கிழமை விடிந்தால்
தேவாலய நிலவறையில் பழைய சாமான் விற்பனை,
செத்துப்போனவர்கள் வீட்டு கராஜ்,
ஆற்றோரச் சந்தை.
அவள் கைப்பையில் ஊதாக்கதிர் டார்ச்.
மேசைக்கடியில் துணியை இழுத்து மூடிக்கொண்டு
ஒவ்வொரு பச்சையிடமும் உண்மையைக் கேட்பாள்.
வெறும் பச்சை இருட்டில் ஊமை.
யுரேனியம் கலந்தது மட்டும்
தன்னை ஒளிக்கத் தெரியாமல் ஒளிரும்.
பதினோரு வருடம் கேட்டாள்.
ஆறாவது பதில் சொல்லவில்லை.

சனவரியில் ஸ்டான் கோவாச் வீட்டில் குழாய் வெடித்தது.
மூன்று வீடு தள்ளி. ஒற்றை ஆள்.
நான் ஸ்பேனரோடு போனேன்,
அவள் பீன்ஸ் சூப்போடு வந்தாள்.
குளியலறைத் தொட்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்,
முகத்தில் சொட்டுகிறது,
விளக்கு அணைகிறது.
"வெர்னா, வெளிச்சம்!"
வெளிச்சம் வந்தது, ஊதா நிறத்தில்.
குழாய்ப் பக்கம் மட்டும் வரவில்லை.

அலம்பும் தொட்டியின் விளிம்பில்
பற்பசை வழிந்து காய்ந்த டம்ளர் ஒன்று
கிழவனின் நீலப் பிரஷ்ஷைத் தாங்கியபடி
எரிந்துகொண்டிருந்தது.

இருபது டாலர், என்றாள். தலையாட்டினான்.
நாற்பது.
"பணத்துக்கில்லை, வெர்னா. மற்றதெல்லாம் சாய்கிறது."
பிளாஸ்டிக் கோப்பை கொண்டுபோனாள்,
எனாமல் குவளை, கடுகு ஜாடி,
கல்யாணப் பரிசாய் வந்த கிரிஸ்டல்கூட.
ஒவ்வொன்றிலும் பிரஷ்ஷை நட்டுவைத்து
ஒரு நீதிபதியைப் போல் பின்னால் நகர்ந்து பார்த்தான் ஸ்டான்.
எல்லாவற்றிலும் சாய்ந்தது.
கிரிஸ்டலோடு சேர்ந்து கவிழ்ந்தது.

மூன்று வாரம் எங்கள் வீட்டில்
அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.
அலமாரிக் கதவை அவள் மூடும் சத்தம்
எனக்கே வைததுபோல் கேட்கும்.

இதற்கிடையில் ஆறாவது வட்டத்தைப் பின்னி முடித்திருந்தேன்.
வீட்டில் அதற்கு வேலையில்லை.
ஸ்டானின் தொட்டி விளிம்போ சில்லு பெயர்ந்த பீங்கான்;
ராத்திரி எழுந்து தடவுகிற கை ஒருநாள் தவறினால் போச்சு.
சொல்லாமல் கொண்டுபோய் அடியில் விரித்தேன்.
பார்த்தான்.
"நீ பின்னினதா?" என்றான்.
"ஆமாம்."
"நனையுமே."
"நனையட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
நெடுநேரம் கழித்து,
"ஓரத்தை இறுக்கிப் பின்னினாயா, தளர்த்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை, கண்ணாடியைத் தேடிக்கொண்டு
மங்கலாய்க் குளியலறைக்குள் போகிறேன்.
என் சிவப்பு பிரஷ் ஒரு பச்சைக்குள் நிற்கிறது.
பதினோரு வருடம் தண்ணீர்கூடக் குடிக்கவிடாத பச்சை.

"என்ன இது?"

அடுக்களையிலிருந்து குரல் வந்தது:
"சாய்கிறதா என்று பார்க்கத்தான் வைத்தேன்."

நானும் ஸ்டானைப் போலவே
ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தேன்.
கொஞ்சம் சாய்கிறது.
சொல்லவில்லை.