ஜன்னல் சீட்

கடைசி ஒன்பது நொடி.
பந்து கோட்டைத் தாண்டிப் போனது.
நடுவர் கை எங்கள் பக்கம் நீண்டது.
"சார், என் விரல்ல பட்டுத்தான் போச்சு"
என்றாள் ஜெசிந்தா.

ஒரு புள்ளியில் கைவிட்டோம் மன்னார்குடிக் கோப்பையை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்,
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
யாரும் அவளோடு பேசவில்லை,
நானுந்தான்.
சிமெண்ட் தரை உரித்த
முழங்கால் பத்தும் எரிந்தன.

அதிகப் புள்ளி போட்டவளுக்கே ஜன்னல் சீட்,
அது எங்கள் சட்டம்.
இருபத்திரண்டு போட்ட குந்தவை
எழுந்து வெளியே வந்தாள்.
"உள்ள போடி" என்றாள்
ஜெசிந்தாவிடம்,
முகத்தைப் பார்க்காமலே.

கேட் திறந்தது.
வயற்காற்று
முதலில் அவள்மேல் அடித்தது,
பிறகு எங்களுக்கும் கொஞ்சம்.