வெறும் புல்

வாரத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் புல்.
காற்று அசைத்தால் போதும்,
ஆப்பிள் மரத்தில் கட்டிவைத்த கேமரா விழித்துக்கொள்ளும்,
கூப்பிடாத வேலைக்கும் ஓடிவரும்
மர ஆலையின் புது ஆளைப் போல.

மீதியில் நரி இரண்டு முறை,
இரண்டாம் முறை என் ஒற்றைச் செருப்போடு.
ஒரு முள்ளெலி. ஒரு மான்:
லென்ஸை நக்கிவிட்டுப் போனதில்
அடுத்த பதினேழு படங்களில் கோச்செவ்யே முழுக்கப் பனிமூட்டம்.

அப்புறம் ஞாயிறு, விடிகாலை இரண்டு நாற்பது.
கரடி.

செப்டம்பர் முழுக்கக் காத்திருந்த உடம்பு.
இருட்டுப் படத்தில் நிறம் கிடையாது.
பழுப்பென்று எனக்குத் தெரிந்தது
சாம்பலாக நின்றது,
கண்கள் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்.
காபி ஆறும்வரை அதையே பார்த்திருந்தேன்.
அதனால்தான் தாமதமாகத் தெரிந்தது
வலது ஓரத்தில், வேலியை ஒட்டி,
கம்பளிக் கோட்டுக்குக் கீழே பைஜாமாவோடு
விங்கோ.

ஜூனில் அவருடைய மூன்று தேன்பெட்டிகளை
அது தீப்பெட்டி போல நொறுக்கியது.
சுடச் சொல்லி நகராட்சிக்குப் போன மனுவில்
முதல் கையெழுத்து அவருடையது.
எட்டாவதாக என்னிடம் நீட்டினார்.
கண்ணாடி எடுத்துவரவில்லை என்றேன்.

இரண்டு நாற்பத்தொன்று: விங்கோ குனிகிறார்.
நாற்பத்திரண்டு: புல்மேல் உருளும் ஏதோ ஒன்று, மங்கலாக.
நாற்பத்து நான்கு: கரடியின் தலை தரையில்.
நாற்பத்தேழு: அவர் வாய் திறந்திருக்கிறது,
பேசுகிறாரா, கொட்டாவியா,
படத்துக்குக் காது கிடையாது.
ஐம்பத்தொன்று: புல்.

அவர் தோட்டத்தில் ஆப்பிள் மரம் இல்லை.

திங்கள் காலை ரொட்டி வண்டியருகே கேட்டார்:
"மிலேனா, உன் பெட்டியில் ஏதாவது விழுந்ததா?
மனுவோடு ஒட்ட ஒரு படம் கேட்கிறார்கள்,
தேதி, நேரத்தோடு."
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
ரொட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"புல்தான்" என்றேன். "வெறும் புல்."

"என்ன கேமராவோ" என்று சலித்துக்கொண்டு
வண்டிக்காரப் பையனுக்குக் காசு கொடுத்தார்.
கொஞ்சம் கழித்து மறுபடியும் கொடுத்தார்.

காட்டு முகப்பில் பலகை இருக்கிறது:
உணவு கொடுக்காதீர்கள்.
மனிதக் கைக்குப் பழகிய கரடி ஒருநாள்
பகலிலேயே பள்ளிக்கூடப் பாதைக்கு வரும்,
அன்றைக்கு மனு எதுவும் தேவைப்படாது.
அவருக்கும் தெரியும். பலகையை நட்டபோது
குழி தோண்டியவர் அவர்தான்.

சனிக்கிழமை ஏணி போட்டு
கீழ்க்கிளைகளைக் காலி செய்தேன்.
விங்கோவின் கை எட்டும் உயரம்
எனக்கு இப்போது படமாகவே தெரியும்.
ஒன்பது கூடை. நான்கைச் சாறு பிழிந்தேன்,
ஒன்றை அவர் வாசலில் வைத்தேன்,
சீட்டு எதுவும் எழுதாமல்.

இறங்கும்போது கேமராவின் வாரைத் தளர்த்தி
ஒரு சாண் இடப்பக்கம் திருப்பினேன்.

இந்த வாரம் முந்நூற்று எண்பது படங்கள்.
நரி வரவில்லை. செருப்பும்.
புல், புல், பனி விழுந்த புல்.
வியாழன், இரண்டு முப்பத்தெட்டு,
சட்டகத்தின் வலது விளிம்பில்
வெள்ளையாக ஒரு மூச்சு.

நாலு கால் மூச்சா, இரண்டு கால் மூச்சா,
பெரிதாக்கினால் தெரிந்துவிடும்.

பெரிதாக்கவில்லை.