நாலாவது ஸ்குரூ

மூன்று கழன்று வந்துவிட்டன.
ஹார்லிக்ஸ் மூடியில் உருண்டு கிடக்கின்றன.
நாலாவது
கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில்
மொண்ணைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமை, ராத்திரி பத்தரை.
விடிந்தால் பல்லடம் தாண்டிச் செம்மண் ட்ராக்கில்
என் நம்பர் முப்பத்தேழு.
சோமனூரில் எங்கள் வீதி தூங்குவதில்லை.
இக்கட்டப் பத்துத் தறி, அக்கட்டப் பதினாறு.
நடுவில் என் சுவர்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

வீதியில் எனக்கொரு பெயர் உண்டு:
மரை கழண்டவள்.
தறிக்கணக்கு எழுதுகிற முப்பத்து நாலு வயதுக்காரி
ஞாயிற்றுக்கிழமையானால் மண்மேட்டில் வண்டி தாண்டினால்
வேறென்ன சொல்வார்கள்.
இதோ ஒரு மரை
கழலவே மாட்டேன் என்கிறது.
வந்து இதையும் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

திருப்புளியை வைத்து அழுத்தினேன்.
நழுவிச் சுற்றியது.
ஒவ்வொரு நழுவலுக்கும்
கூட்டல் குறி கொஞ்சம் வட்டமாகிறது,
எச்சில் தொட்டு அழித்த கணக்கு மாதிரி.
ஜப்பான்காரன் கூட்டல் வேறு,
நம் கடைத் திருப்புளியின் கூட்டல் வேறு;
பார்வைக்கு ஒன்று,
பள்ளத்தின் அடியில் மயிரிழை பேதம்.
எப்போதோ தெரிந்துகொண்டது.
மூன்று தடவை வழுக்கிய பிறகு
ஞாபகம் வருகிறது.

நெருப்புக் காட்ட முடியாது, பெட்ரோல்.
துரு எண்ணெய் விட்டு
ஒரு டீ ஆறும்வரை பொறுத்தேன்.
வால்வு அரைக்கிற களிம்பை நுனியில் தடவி
சுத்தியலால் மண்டையில் ரெண்டு தட்டு,
தூங்குகிறவனை எழுப்புகிற அளவுக்கு.
அப்புறம், கழட்டும் பக்கத்தை விட்டு
முறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பிப் பார்த்தேன்.
ம்ஹூம்.

அப்போதுதான் கோபிக்கு போன் போட்டேன்,
வண்டியை எனக்கு விற்ற பொன்னுரங்கத்துக்கு.
“ஏனுங், எந்தக் கெரகம் புடிச்சவன் கையில குடுத்து
இந்த ஸ்குரூவ முறுக்குனீங்?”
இன்னும் சிலதும் சொன்னேன்.
இங்கே எழுத வேண்டாம்.
எதையோ மென்றுகொண்டே கேட்டார்.
“செரிங்” என்று வைத்துவிட்டார்.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
இருபத்தாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடின.
செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு
உடைந்த ஹேக்சா பிளேடால்
தலையின் குறுக்கே பள்ளம் அறுத்தேன்.
தட்டைத் திருப்புளி உட்கார்ந்தது.
உடம்பையெல்லாம் அதன்மேல் சாய்த்து

டிக்.

அவ்வளவுதான் சத்தம்.
தறி ஓடியிருந்தால்
வழுக்கிவிட்டதென்று நினைத்து
மறுபடி பிளேடை எடுத்திருப்பேன்.

கால் சுற்று.
கறுப்பு எண்ணெய் மேலே ஊறியது.
இன்னும் நாலு சுற்று.
உள்ளங்கையில் விழுந்தது,
அவரை விதையைவிடச் சின்னது.

வெளிச்சத்தில் புரட்டினேன்.
தலையின் ஓரத்தில், துருவுக்கும் அழுக்குக்கும் அடியில்,
ஒரு சிவப்புப் பொட்டு.
நெயில் பாலிஷ்.
முறுக்கி முடித்த ஸ்குரூவுக்கெல்லாம்
அடையாளத்துக்கு நான் வைக்கிற சொட்டு.

போன ஆடியில்
கடைசி வளைவில் வண்டி அடைத்து நின்ற மறுநாள்,
“ஊட்டுல மிக்ஸி ரிப்பேராக் கெடக்குது,
அதப் பாரு மொதல்ல” என்று அண்ணன் சொன்ன மறுநிமிஷம்,
கைக்குக் கிடைத்த திருப்புளியால்
இனி எவனும் இதைத் திறக்கக் கூடாதென்று
முறுக்கியது
இந்தக் கை.

கரண்ட் வந்தது. சுவர் பல்லைக் கடித்தது.
கிண்ணத்தில் மணலும் பச்சைப் பிசினும்.
வயரின் ஒற்றைச் செம்பிழையால் ஜெட்டைக் குத்தி
வாயால் ஊதினேன். கசந்தது.

மணி பன்னிரண்டு.
ஆனாலும் அடித்தேன்.
ஒரே மணியில் எடுத்தார்.
“கழண்டுச்சுங்களா?”
“கழண்டுச்சுங்.”
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
“நான் கார்புரேட்டரத் தொட்டதே இல்லீங்.
தொறக்கத் தெரியாதுங்.
அதனாலதானுங்
வித்துப்போட்டேன்.”