ஐந்தாவது சுற்று

நாகலூர் எஸ்டேட்டில்
பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்த
காப்பிப் பழத்தோலை
இரண்டு சாக்கு அள்ளினேன்.
“இதக் கொண்டுபோயி என்னா பண்ணுவ?” என்றாள் சடைச்சி.
தங்கம் பண்ணுவேன் என்றேன்.
சிரித்தபடி மூன்றாவது சாக்கையும் தூக்கிக் கொடுத்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும்
என் காலடியில் புளித்துக்கொண்டே இறங்கியது மலை.
கண்டக்டர் சாக்குகளுக்கும் டிக்கெட் கிழித்தார்.

கருப்பூர் ஆய்வகத்தில் கொதிக்கவைத்து வடித்தால்
டிகாக்‌ஷன் நிறம்.
குடித்துப் பார்க்கிறேன் என்ற ஒருவனைத் தடுக்க வேண்டியிருந்தது.
நீர்க்க விட்டு, தங்க உப்பின் இளமஞ்சளில் ஊற்ற
முதலில் மஞ்சளும் போய்விடுகிறது.
எல்லாம் பாழ் என்று நிற்கும் அந்த நாற்பது நொடிக்குப் பிறகு
மாதுளைச் சாறு.
அவ்வளவு சிறிதானால் தங்கம் சிவப்பு.
நம்புவதற்கு ஒரு வாரம் ஆனது.

வெள்ளி செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
கொலுசுப் பட்டறையில் அரம் உதிர்த்த தூள்.
இரண்டு கிராமுக்கு ரசீது கேட்டதும்
தணிகாசலம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
அமிலத்தில் கரைத்தபோது நீலம் காட்டிக் கொடுத்தது,
கூடவே செம்பு.
பிரித்தெடுக்க ஒரு மாதம்.

இரண்டையும் சேர்த்த அன்று குடுவையில் தயிர்.
தங்க உப்போடு வந்த குளோரைடு
வெள்ளியைப் பிடித்து உறையவைத்துவிட்டது.
ஜன்னல் வெயில் பட்டு அந்தத் தயிர் ஊதாவாகி
மத்தியானத்துக்குள் கருத்தது.
இப்படிப் பன்னிரண்டு முறை.
ஜெசிந்தாதான் சொன்னாள், கழுவுடி முதல்ல.
தங்கத்தைப் பிறப்பி, சுழற்று, கழுவு, இன்னொரு தரம் கழுவு,
அப்புறம் வெள்ளியைச் சொட்டு.
(சுழற்றும் மின்சாரம் மேட்டூர் நிலக்கரி.
கட்டுரைத் தலைப்பில் ‘பசுமை’ என்றுதான் வரும்.)

நிறமாலையில் இரண்டு மேடு வந்தால் தனித்தனி.
ஒரே மேடு வந்தது,
தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே எங்கோ.
யாரிடமும் சொல்லாமல்
அரை மணி நேரம் அதையே பார்த்திருந்தேன்.

சர்க்கரை, ஆத்தூர் சேகோ ஆலைத் திப்பியில் மிஞ்சிய மாவு.
அறுபது டிகிரி, ஆக்சிஜன் குமிழி.
சர்க்கரை அமிலமாக ஆக
காரம் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
மீட்டர் ஒன்பதைவிட்டு இறங்கக் கூடாது.
எத்தனை சொட்டோ அவ்வளவு சர்க்கரை மாறியிருக்கிறது.
எண்ணுவதுதான் என் வேலை.

நானூற்றுப் பதினாறில் கை நடுங்கியது.
எனக்கு அந்த நடுக்கம் தெரியும்.
டிராயரில் குளுக்கோமீட்டர்,
பதினாறு வயதிலிருந்து விரல்நுனிக்குப் பழகிய ஊசி.
குத்தி, பட்டையில் ஒற்றி
ஐந்து, நான்கு, மூன்று...
அந்தப் பட்டைக்குள்ளும் இதே வினைதான்:
ஏதோ ஒரு பூஞ்சை எப்போதோ கற்றுக்கொண்ட நொதி
சர்க்கரையை அமிலமாக்குகிறது.
தங்கம் வேண்டாம், வெள்ளி வேண்டாம், ஐந்து நொடி.
எனக்கு இரண்டு மணி நேரம்.
அதற்கு முன்னால் மூன்று வருஷம்.

ஐம்பத்தெட்டு.

எதிர் அலமாரியில் அரைக் கிலோ சுத்தக் குளுக்கோஸ்,
பதிவேட்டில் கணக்கு உண்டு, தொடவில்லை.
ஜெசிந்தா பையில் கமர்கட் இருந்தது.
நான் கடித்து முடிக்கும்வரை
என் சொட்டுகளை அவள் எண்ணினாள்,
உரக்க.

வினையூக்கி வினையைத் தூண்டும், தான் மாறாது.
பத்தாம் வகுப்பில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டது.
ஐந்தாவது சுற்று முடிந்து சுழற்றி எடுத்த துகள்
முன்போல் இல்லை.
தொண்ணூற்றாறில் தொடங்கியது எழுபத்தொன்றில் நிற்கிறது.
கொஞ்சம் வெள்ளி கரைந்து போயிருக்கும்,
துகள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
முகம் புதைத்திருக்கும்.

அட்டவணையை நாலாவதோடு நிறுத்திவிடலாமே
என்று யாரும் சொல்லவில்லை.
எனக்குத்தான் தோன்றியது.
எழுபத்தொன்று என்று எழுதினேன்.
அதே வரிசை ஓரத்தில்
எப்போது கிறுக்கினேனோ, பென்சிலில் 58.
அழிக்க ரப்பரைத் தேடினேன்,
கிடைக்கவில்லை.
ஆறாவது சுற்றுக்குத் தண்ணீர் சூடாகத் தொடங்கியிருந்தது.